கூட வருகிற ஒருத்தரையும் பிடிக்கவில்லை (பால்டர்ஸ் கேட் 3, பழைய ஆட்டங்களும் பேசலாம்)

பாலாற்றுமணல், காட்பாடி

பால்டர்ஸ் கேட் 3 என்ற கணினி ஆட்டத்தை ஒருவழியாக இறக்கிவிட்டேன். 150 ஜிபி இடம் கேட்கிறது. அக்கா கல்யாண வீடியோவை எல்லாம் வெளி டிஸ்க்குக்கு அனுப்பித்தான் இடம் பண்ண முடிந்தது. ஆட்டத்தில் குறை சொல்ல ஒன்றும் இல்லை. எதிரியை மேட்டிலிருந்து உதைத்துத் தள்ளலாம், எண்ணெயைக் கொட்டிக் கொளுத்தலாம், சண்டையே போடாமல் பேசி அனுப்பலாம். ஒரு வாசலுக்கு நாலு வழி வைத்திருக்கிறார்கள்.

தொல்லை எல்லாம் கூட வருகிற கூட்டத்தால்தான். லேய்செல் பார்த்த நிமிடத்திலிருந்து அதிகாரம் பண்ணுகிறாள். ஷேடோஹார்ட் எதைக் கேட்டாலும் மழுப்புகிறாள். பூட்டுத் திறக்கிற ஆஸ்டேரியன் முதல் சந்திப்பிலேயே கழுத்தில் கத்தி வைக்கிறான். கேல் மட்டும் மரியாதை தெரிந்த மனுஷன் என்று நினைத்தேன். கொஞ்ச நேரத்தில் அவரும் வந்து, நெஞ்சுக்குள் ஏதோ பசிக்கிறது, மந்திரப் பொருள் ஒன்று கொடு என்கிறார். குகை குகையாக அலைந்து எடுத்த பூட்ஸ் அது. உறிஞ்சிவிட்டு, அப்புறம் அடுத்தது கேட்கிறார்.

இதைவிடக் கடுப்பேற்றுவது, நாம் செய்தது இன்னாருக்குப் பிடித்தது, பிடிக்கவில்லை என்று திரை மூலையில் வருகிற அந்த ஒரு அப்ரூவல் வரி. ஒரு குழந்தைக்குப் பரிந்து பேசினால் ஒருவனுக்குப் பிடிக்கவில்லை. யாரையாவது மிரட்டினால் இன்னொருத்திக்குப் பிடிக்கவில்லை. சம்பந்தி வீட்டார் முகம் கோணாமல் கல்யாணம் நடத்துகிற கதையாகிவிட்டது. பதிலைத் தேர்ந்தெடுப்பதற்கு முன்னால் பக்கத்தில் யார் நிற்கிறார்கள் என்று திரும்பிப் பார்க்க ஆரம்பித்துவிட்டேன்.

எனக்கு மட்டும்தானா? இவர்களைக் கழற்றிவிட்டு ஆட வழி உண்டா?

மக்கன்பேடா, ஆற்காடு

ஆஸ்டேரியனைப் பற்றிப் பேசும்போது கொஞ்சம் பார்த்துப் பேசவும் அண்ணா. இங்கே எங்கள் கூட்டம் பெரிசு.

கதையில் இன்னும் முதல் பாகம்தானே ஆடுகிறீர்கள்? அதில் எல்லோரும் வேஷம் போட்டுக்கொண்டுதான் இருப்பார்கள். மூளைக்குள் புழுவோடு, யாரென்றே தெரியாத ஆளோடு கப்பலிலிருந்து விழுந்து கிடக்கிறார்கள். உடனே மனசைத் திறந்து கொட்டுவார்களா? 200 வருஷம் ஒரு எஜமானனுக்கு அடிமையாக இருந்தவன், தப்பித்த மறுநாள் உங்களைப் பார்த்துக் கும்பிட வேண்டுமாக்கும். இதற்கு மேல் சொன்னால் கதை போய்விடும், நிறுத்திக்கொள்கிறேன்.

அந்த அப்ரூவல் வரியை இவ்வளவு சீரியஸாக எடுத்துக்கொள்ளாதீர்கள். ஒரு முறை முகம் சுளித்தால் குடி முழுகிப் போகாது.

வேலூர்வெயில்

கேலைப் பிடிக்கவில்லை என்று சாகவிட்டுப் பாருங்கள் ப்ரோ. நிம்மதி கிடைக்கும் என்று நினைப்பீர்கள். செத்த இடத்தில் அவருடைய மாய உருவம் எழுந்து நின்று, தன்னை எப்படி உயிர்ப்பிக்க வேண்டும் என்று வரிசையாக வகுப்பெடுக்கும். கேட்காமல் போட்டுவிட்டுப் போனால் நெஞ்சுக்குள் இருப்பது வெடித்து எல்லோருக்கும் சங்கு. உயிரோடு இருந்தாலும் தொல்லை, செத்தாலும் தொல்லை.

பாலாற்றுமணல்

சிரித்துவிட்டேன். ஆனால் இதுதான் என் குறையும். ஒருத்தரைப் பிடிக்கவில்லை என்று முடிவெடுக்கிற உரிமைகூட எனக்கு இல்லை.

கோட்டைஅகழி, சலவன்பேட்டை

இந்தத் தலைமுறைக்குப் பொறுமை குறைவு என்று சொல்லத்தான் வந்தேன். பாலாற்றுமணல் எழுதியதைப் படித்ததும் மனசு மாறிவிட்டது. நாங்களும் இதே புலம்பலைப் புலம்பினவர்கள்தான்.

1998-ல் வந்த முதல் பால்டர்ஸ் கேட்டை எடுத்துக்கொள்ளுங்கள். பயோவேர் செய்தது. நம்மையும் சேர்த்து ஆறு பேர். வழிப்பறிக்காரர்கள் மாதிரி வழியில் நின்று வந்து ஒட்டிக்கொள்வார்கள். காலித், ஜஹீரா இருவரும் புருஷன் பெண்டாட்டி. காலித் திக்கித் திக்கிப் பேசுவான், சண்டை கொஞ்சம் முற்றினால் பயந்து ஓடுவான். சரி, அவனை அனுப்பிவிடலாம் என்றால் ஜஹீராவும் மூட்டை கட்டிவிடுவாள். ஒருவரை வேண்டாம் என்றால் இருவரும் போவார்கள். மான்டரான், க்ஸார் என்று இன்னொரு ஜோடி, ஒருவன் திருடன், மற்றவன் முழுப் பைத்தியம். அங்கேயும் இதே நிபந்தனை. மின்ஸ்க் என்று ஒரு முரடன் வருவான், கையில் ஒரு வெள்ளெலி, அதற்குப் பெயர் பூ. அவனுடைய எஜமானி டைனஹீரை ஒரு கோட்டையில் பிடித்து வைத்திருப்பார்கள். மீட்கப் போகாமல் இழுத்தடித்தால் நம்மிடமே சண்டைக்கு வருவான். எட்வின் என்ற மந்திரவாதிக்கோ அந்த டைனஹீரைக் கொல்ல வேண்டும். இரண்டு பேரையும் ஒரே கூட்டத்தில் வைத்தால் என்ன ஆகும் என்று சொல்ல வேண்டியதில்லை.

அங்கே அப்ரூவல் என்று தனித்தனிக் கணக்கு கிடையாது. கூட்டத்துக்கு மொத்தமாக ஒரு நற்பெயர் எண். நாம் நல்லது செய்யச் செய்யக் கெட்டவர்கள் முணுமுணுப்பார்கள், கடைசியில் கிளம்பிவிடுவார்கள். கெட்டது செய்தால் நல்லவர்கள் கிளம்புவார்கள். திரை மூலையில் ஒரு வரியும் வராது. நல்ல வாளும் கவசமும் போட்டுவிட்டிருப்போம், அதோடு நடையைக் கட்டிவிடுவான்.

2000-ல் இரண்டாம் பாகம். அதில் ஏரி என்று சிறகு வெட்டப்பட்ட ஒரு பெண். பாவம்தான். ஆனால் அந்தச் சிறகைப் பற்றி எத்தனை முறை அழுவாள்! அனோமன் என்று ஒரு வீரன், இன்னும் நைட் பட்டமே வாங்கவில்லை, அதற்குள் பேச்சில் பாதி தற்பெருமை. பஸ் ஸ்டாண்டு பக்கம் ஒரு நெட் சென்டரில் உட்கார்ந்து இதைத் திட்டிக்கொண்டே ஆடினோம். மணிக்கு இவ்வளவு என்று காசு ஓடிக்கொண்டிருக்கும்போது இவன் பிரசங்கம் பண்ணுவான்.

இந்தத் தொல்லை வேண்டாம் என்பவர்களுக்கு அதே 2000-ல் ஐஸ்விண்ட் டேல் வந்தது. பிளாக் ஐல் செய்தது. ஆறு பேரையும் நாமே உருவாக்க வேண்டும். ஒருத்தனும் வாயைத் திறந்து கதை சொல்ல மாட்டான். சண்டை, குகை, பனி, மறுபடி சண்டை. எனக்கு அதுதான் சொர்க்கம்.

மக்கன்பேடா

// ஒருத்தனும் வாயைத் திறந்து கதை சொல்ல மாட்டான் //

இதைச் சொர்க்கம் என்று சொல்கிற ஒரே ஆள் நீங்கள்தான் சார்.

தீப்பெட்டி, குடியாத்தம்

எல்லோரும் ‘பிடிக்கவில்லை’ என்று ஒரே மூட்டையில் கட்டுகிறீர்கள். எனக்கு இரண்டு வகை தெரிகிறது.

ஒன்று, ஆளைப் பிடிக்கவில்லை. அவனுடைய கொள்கை, பேச்சு, நடத்தை. அது எழுதினவர்களுடைய வெற்றி. டிராகன் ஏஜ்: ஆரிஜின்ஸ் (2009) ஆடினவர்களுக்கு அலிஸ்டேரைத் தெரியும். ஜோக்கடித்துக்கொண்டு, நாம் சொன்னதையெல்லாம் கேட்டுக்கொண்டு கூடவே வருவான். கடைசியில் லோகைனை உயிரோடு விட்டு நம் பக்கம் சேர்த்துக்கொண்டால், அத்தனை நட்பையும் உதறிவிட்டுப் போய்விடுவான். அவன் மதிக்கிற மனிதரைப் போர்க்களத்தில் கைவிட்டவர் லோகைன். ஆட்டம் முழுக்கப் பரிசு கொடுத்து அப்ரூவலை உச்சியில் வைத்திருந்தாலும் அங்கே பலிக்காது. எனக்கு அன்றைக்கு அவன்மேல் பயங்கரக் கோபம். ஆனால் ஆள் என்றால் அவன் ஆள்.

இன்னொன்று, ஏற்பாட்டைப் பிடிக்கவில்லை. அதே ஆட்டத்தில் மாரிகன் இருக்கிறாள். வழியில் யாருக்காவது இரக்கப்பட்டால் அவளுக்கு எரிச்சல். சரி, அது அவள் குணம். ஆனால் அதை எப்படிச் சரிக்கட்டுகிறோம்? கேம்புக்கு வந்து ஒரு நகையைக் கொடுக்கிறோம், எண் ஏறிவிடுகிறது. ஊரைக் காப்பாற்றியதற்கு அபராதம், சங்கிலிக்குத் தள்ளுபடி. பாலாற்றுமணல் சொல்கிற எரிச்சல் இந்த வகை என்று நினைக்கிறேன். அவருக்கு ஆஸ்டேரியன்மேல் கோபம் இல்லை, அந்த எண்மேல் கோபம்.

டிராகன் ஏஜ் 2 (2011) இதற்கு ஒரு மருந்து கண்டுபிடித்தது. நட்பு ஒரு பக்கம், போட்டி இன்னொரு பக்கம். ஒருத்தரோடு கடைசி வரை முட்டிக்கொண்டே இருந்தாலும் உறவு ஆழமாகும், அதற்கென்று தனிப் பேச்சு, தனிப் பலன். நடுவில் வழவழவென்று நிற்பதுதான் நஷ்டம். இவ்வளவு நல்ல யோசனையை அடுத்த பாகத்திலேயே தூக்கிவிட்டார்கள். எனக்கு இன்றைக்கும் ஆறவில்லை.

பாலாற்றுமணல்

தீப்பெட்டி ப்ரோ, சரியாகப் பிடித்தீர்கள். ஆனால் முழுக்க ஒத்துக்கொள்ள மாட்டேன். கேல் பூட்ஸைத் தின்றதற்கு நான் எண்ணைத் திட்ட முடியாது. அது ஆள்மேல் கோபம்தான்.

வேலூர்வெயில்

கேல் வெளிவந்த புதிதில் இன்னும் மோசம். சும்மா இரண்டு வார்த்தை நன்றாகப் பேசினால் காதல் என்று வந்து நிற்பார். அப்புறம் இந்த ஆட்டத்தைச் செய்த லேரியன் நிறுவனத்தின் தலைவர் ஸ்வென் விங்கேயே பேட்டியில் சொன்னார், அது ஒரு பிழை, அப்ரூவல் அளவைக் குறைவாக வைத்துவிட்டோம் என்று. அந்த மூலை வரிக்குப் பின்னால் இருக்கிற கணக்கு கொஞ்சம் பிசகினால் ஒரு மனுஷனுடைய குணமே மாறிப் போகிறது பாருங்கள்.

(இங்கே மதியம் மூன்று மணி. லேப்டாப் விசிறி போடுகிற சத்தத்தில் கேல் பேசுவது கேட்கவில்லை. வெயிலுக்கு நன்றி.)

கட்டியக்காரன், செய்யாறு

நான் ஆட்டக்காரன் இல்லை. என் பையன் ஆடுகிறான், பக்கத்தில் உட்கார்ந்து பார்ப்பேன். இந்த இழையை அவன்தான் காட்டினான். ஒரு விஷயம் சொல்லிவிட்டுப் போகிறேன்.

எங்கள் பக்கம் கோடையில் திரௌபதி அம்மன் கோவில்களில் பாரதம் நடக்கும். பகலில் பிரசங்கம், ராத்திரி முழுக்கக் கூத்து, கடைசியில் படுகளம், தீமிதி. அதில் கர்ண மோட்சம் என்றால் தூங்குகிறவர்களையும் எழுப்பி உட்கார வைப்பார்கள். மனைவி பொன்னுருவியிடம் கர்ணன் விடைபெறுகிற இடத்துக்குத்தான் பெயர் அதிகம். எனக்குப் பிடித்தது அதற்கப்புறம் வருகிற சல்லியன்.

யோசித்துப் பாருங்கள். சல்லியனைத் தேரோட்டியாகக் கேட்டது கர்ணன்தான். அர்ச்சுனனுக்குக் கண்ணன் இருக்கிறான், குதிரை ஓட்டுவதில் கண்ணனுக்குச் சமமானவன் சல்லியன் ஒருவன்தான் என்று கேட்டான். நீங்கள் பூட்டுத் திறக்க ஆள் வேண்டும் என்று பிடிக்காதவனைக் கூட்டிப்போகிறீர்கள் அல்லவா, அதேதான். சல்லியனோ ராஜா, நகுல சகாதேவர்களுக்குத் தாய்மாமன். விருந்து போட்டு ஏமாற்றித் துரியோதனன் தன் பக்கம் இழுத்துக்கொண்டவன். தேரோட்டிப் பிள்ளைக்கு நான் தேரோட்டுவதா என்று குதிக்கிறான். கடைசியில், வாய்க்கு வந்ததைப் பேசுவேன், தடுக்கக் கூடாது என்ற நிபந்தனையோடு ஏறுகிறான். ஏறினதிலிருந்து ஏச்சுதான். அர்ச்சுனன் எங்கே, நீ எங்கே என்று.

ஆனால் நாகாஸ்திரத்தைத் தொடுக்கும்போது கழுத்துக்கு வைக்காதே, மார்புக்கு வை என்று சொன்னவனும் அவன்தான். கர்ணன் கேட்கவில்லை. கண்ணன் தேரை அழுத்தினான், கிரீடம்தான் போயிற்று. மறுபடி தொடு என்கிறான் சல்லியன். கர்ணன் தாய்க்குக் கொடுத்த வாக்கு அது முடியாது என்கிறான். சல்லியன் தேரை விட்டு இறங்கிப் போகிறான். சல்லியன் வேஷம் கட்டுகிறவர் அந்த இடத்தில் வேகமாக ஒரு சுற்று சுற்றி, திரும்பியே பார்க்காமல் போவார். கூட்டத்தில் பாதிப் பேர் அவனைத் திட்டுவார்கள். பாதிப் பேர் அவன் சொன்னது சரிதானே என்பார்கள்.

விடிகிற வரைக்கும் ஜனங்கள் உட்கார்ந்திருப்பது கர்ணனை எல்லோரும் தட்டிக்கொடுப்பதைப் பார்க்க இல்லை.

தீப்பெட்டி

ஐயா, இதை இரண்டு முறை படித்தேன். சல்லியனுக்கு அப்ரூவல் எண் இல்லை, அதுதான் வித்தியாசம். கர்ணன் எவ்வளவு தானம் கொடுத்தாலும் சல்லியன் பேச்சு மாறாது.

இரவுப்பணி

நான் நர்ஸ். விடிய விடிய வார்டில் நின்றுவிட்டு, காலையில் வீட்டுக்கு வந்து தூக்கம் வருகிற வரை கொஞ்ச நேரம் ஆடுவேன். ராத்திரி முழுக்க நோயாளி, நோயாளியின் மாமா, மாமாவின் நண்பர் என்று எல்லோரும் என் வேலையில் குறை சொல்லிக் கேட்டாகிவிட்டது. எனக்குத் தேரில் சல்லியன் வேண்டாம் ஐயா.

அன்பாகப் பேசுகிற கம்பேனியன் என்றால் மட்டமான எழுத்து என்று பலர் பேசுகிறார்கள். 2024-ல் வந்த டிராகன் ஏஜ்: வெயில்கார்டைப் பற்றி அப்படித்தான் சொன்னார்கள், எல்லோரும் ஒருவருக்கொருவர் ரொம்ப நல்லவர்களாக இருக்கிறார்கள், உரசலே இல்லை என்று. எனக்கு அந்த ஆட்டம் பிடித்தது. பால்டர்ஸ் கேட் 3-லும் கார்லாக் இருக்கிறாள். நெஞ்சில் நரக எந்திரம் எரிகிறது, யாரையும் தொடக்கூட முடியாது, அப்படியும் அந்தச் சிரிப்பு. அவள் எழுத்து எந்த விதத்தில் மட்டம்?

பாலாற்றுமணல், நீங்கள் கேட்டதற்கு யாரும் பதிலே சொல்லவில்லை. நான் சொல்கிறேன். கடற்கரைக்குப் பக்கத்தில் பாழடைந்த கோவில் ஒன்று வருமே, அதன் நிலவறையில் ஒரு சவப்பெட்டிக்குள் விதர்ஸ் என்று எலும்பும் தோலுமாக ஒருவர் இருப்பார். பார்க்காமல் வந்துவிட்டாலும் பரவாயில்லை, தானே கேம்புக்கு வந்து நிற்பார். அவரிடம் 100 பொன் கொடுத்தால் ஒரு ஹயர்லிங்கை, அதாவது கூலிக்கு வருகிற ஆளை, எழுப்பித் தருவார். வீரன், திருடன், மந்திரவாதி என்று வகுப்புக்கு ஒருவராக 12 பேர் இருக்கிறார்கள், ஒரே சமயத்தில் மூன்று பேரை வைத்துக்கொள்ளலாம். அவர்களுக்குக் கதை கிடையாது, உங்கள் முடிவைப் பற்றிக் கருத்தும் கிடையாது. சொன்ன இடத்தில் நிற்பார்கள், அடிப்பார்கள்.

அவருக்கு இன்னொரு 100 பொன் கொடுத்தால் யாருடைய வகுப்பையும் மாற்றித் தருவார். உங்களுடையதையும்தான். பூட்டுக்காக ஆஸ்டேரியனைச் சுமக்க வேண்டியதே இல்லை. திருட்டுக் கருவி பையில் இருந்தால் யார் வேண்டுமானாலும் பூட்டை முயற்சி செய்யலாம், விரல் நயம் உள்ளவர்களுக்குச் சுலபம். இல்லையென்றால் நாக் என்ற ஸ்பெல் இருக்கிறது.

மக்கன்பேடா

அக்கா, மற்றதெல்லாம் சரி. ‘சுமக்க’ என்ற வார்த்தைக்கு மட்டும் கண்டனம்.

பாலாற்றுமணல்

ரொம்ப நன்றிக்கா. முதல் நாளே இதை யாராவது சொல்லியிருந்தால் என் பூட்ஸ் பிழைத்திருக்கும்.

நேற்று ராத்திரி ஒரு விஷயம் நடந்தது. கேம்பில் படுத்தேன். நடுராத்திரி எழுந்து பார்த்தால் ஷேடோஹார்ட் லேய்செல் கழுத்தில் கத்தி வைத்துக்கொண்டிருக்கிறாள். ஷேடோஹார்ட் வைத்திருக்கிற ஒரு மர்மப் பொருள் யாருக்குச் சொந்தம் என்ற தகராறு. நடுவில் புகுந்து சமாதானம் பண்ணலாம், ஒரு பக்கம் சாயலாம், சும்மாவும் இருக்கலாம். சும்மா இருந்தால் ஒரு தலைவலி குறையும். கை மவுஸ் மேலேயே இருந்தது. கடைசியில் புகுந்து பிரித்துவிட்டேன். எதற்கு என்று கேட்காதீர்கள். லேய்செல் செத்தால் முன்வரிசையில் அடி வாங்க ஆள் இல்லை என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன்.

தீப்பெட்டி

முன்வரிசைக்குத்தான் 100 பொன்னுக்கு ஆள் கிடைக்கிறதே ப்ரோ.

பாலாற்றுமணல்

தெரிகிறது. அப்போது தெரியாது என்று வைத்துக்கொள்ளுங்கள்.

இப்போதைக்கு லேய்செல், இரண்டு ஹயர்லிங், நான். அதிகாரம் பண்ணினாலும் அவள் எதையும் மறைப்பதில்லை. மற்றவர்கள் கேம்பில் இருக்கட்டும். பெரும்பாலும் கூட வராதவர்களுக்கு மூலை வரியும் வருவதில்லை, அதுவே பெரிய விடுதலை.

தீப்பெட்டி

இன்னொரு யோசனை. இந்த ஆட்டம் முடிந்தால், பிடிக்காதவர்களில் ஒருவரையே நாயகனாக எடுத்து ஆடிப் பாருங்கள். முக்கியமான கூட்டாளிகள் ஆறு பேரையும் அப்படி எடுக்கலாம். கேலாக ஆடினால் பசி உங்களுக்கு. பூட்ஸைத் தின்கிறீர்களா இல்லையா என்று பார்க்கலாம்.

வேலூர்வெயில்

பொறுமை உள்ளவர்களுக்கு டிவினிட்டி: ஒரிஜினல் சின் 2 (2017) இன்னும் வசதி. அதே லேரியன்தான். முதல் தீவை விட்டுக் கிளம்பும்போது யாரைக் கூட்டத்தில் வைத்திருக்கிறோமோ அவர்கள்தான் மிச்சம். மற்றவர்கள் கப்பலில் செத்துப் போவார்கள். கழற்றிவிடும் வேலையை ஆட்டமே செய்துவிடும்.

இரவுப்பணி

அதில் ரெட் பிரின்ஸ் செத்ததற்கு நான் பழைய சேவ் ஃபைலை எடுத்து மறுபடி ஆடினேன். அவரையும் முதலில் பிடிக்கவில்லைதான். பல்லி மூஞ்சியை வைத்துக்கொண்டு அவ்வளவு கர்வம்.

பாலார்பாலம், ராணிப்பேட்டை

புதியவன். என்னிடம் இருப்பது போன் மட்டும்தான். கோட்டைஅகழி சார் சொன்ன அந்த வாயே திறக்காத ஆட்டம் போனில் வருமா?

கோட்டைஅகழி

வரும் தம்பி. ஐஸ்விண்ட் டேல்: என்ஹான்ஸ்டு எடிஷன் என்று தேடுங்கள், பீம்டாக் 2014-ல் கொண்டுவந்தது, ஆண்ட்ராய்டிலும் ஓடும். எழுத்து சின்னதாக இருக்கும், செட்டிங்கில் பெரிதாக்கிக்கொள்ளலாம். முன்னால் அடிக்க இரண்டு பேர், காயம் ஆற்றுகிற கிளெரிக் ஒன்று, திருடன் ஒன்று, மந்திரவாதி ஒன்று கட்டாயம். ஆறாவது ஆள் உங்கள் இஷ்டம். பகடையை மறுபடி மறுபடி உருட்டிக்கொண்டே உட்காராதீர்கள், ஆட்களை உருவாக்குவதிலேயே விடிந்துவிடும்.

மக்கன்பேடா

ஆறாவது ஆளுக்கு ஆஸ்டேரியன் என்று பெயர் வையுங்கள் தம்பி. சாருக்குத் தெரிய வேண்டாம்.